மொராக்கோவின் அரச நகரங்கள்: மதிலுக்குள் நீங்கள் யாரைச் சந்தித்தீர்கள்?

மொராக்கோ போய் வந்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்று தெரியும். ஃபெஸ், மராகெஷ், மெக்னெஸ், ரபாத் நான்கையும் சேர்த்து அரச நகரங்கள் என்பார்கள். ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு வம்சம் ஒவ்வொன்றைத் தலைநகராக வைத்துக்கொண்டதால் அந்தப் பெயர். நான்கிலும் மதில் சூழ்ந்த பழைய நகரம் இன்னும் இருக்கிறது. அதை மதீனா என்கிறார்கள். காட்சிப் பொருளாக இல்லை, மக்கள் குடியிருக்கிறார்கள். எந்தக் கோபுரம் எத்தனை மீட்டர் என்பதை எங்கே வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். எனக்குக் கேட்க ஆசை வேறு. அங்கே உங்களை வழிமறித்தது யார்? வழிகாட்டியது யார்? யாரிடம் மாட்டிக்கொண்டு முழித்தீர்கள், யார் கொடுத்த டீயைக் குடித்தீர்கள்? அதை எழுதுங்கள்.

தொடங்கி வைக்க என் பங்கு, ஃபெஸ்ஸிலிருந்து.

ஃபெஸ் எல் பாலி என்கிற பழைய பகுதியை இத்ரீஸ் வம்சத்தார் 8-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கினார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் பாப் பூ ஜெலூத் வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைகிறார்கள். வெளிப்பக்கம் நீல ஓடு, உள்பக்கம் பச்சை ஓடு. ஆயிரம் வருஷத்து வாசல் என்ற நினைப்பில் எல்லாரும் படம் எடுப்பார்கள். அது பிரெஞ்சுக்காரர்கள் வந்தபிறகு 1913-ல் எழுந்தது. தாண்டினதும் தலா கெபீரா, தலா ஸ்கீரா என்று இரண்டு தெருக்கள் சரிந்து இறங்குகின்றன. கார் கிடையாது. சரக்கு மொத்தமும் கழுதை, கோவேறு கழுதை, தள்ளுவண்டி மேலேதான் போகிறது.

இறங்கி நூறடி போயிருக்க மாட்டேன், ஒரு பையன் கூடவே நடந்து வந்தான். "அந்தப் பக்கம் மூடியிருக்கு, வாங்க நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான் ஆங்கிலத்தில். எதிரே ஜனங்கள் கூடையும் பையுமாகப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறார்கள், தெரு மூடியிருக்கிறதாம். இதற்கு மறுத்தால் அடுத்தது "தோல் பதனிடும் இடம் இன்னிக்கு ஒரு நாள்தான் திறந்திருக்கும்". அதற்கும் மறுத்தால் "காசு வேண்டாம், சும்மா பேசிப் பழகத்தான்". நான் "லா, ஷுக்ரன்" என்று சிரித்துவிட்டு நடந்தேன். வேண்டாம், நன்றி. இதைச் சிரித்துக்கொண்டே ஒரு தடவை சொல்லிவிட்டு நடையை நிறுத்தாமல் போனால் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். நின்று விளக்கம் சொன்னால்தான் வம்பு.

அவன் விட்டான், ஆனால் போகிற போக்கில் "இந்தியா? ஷாருக் கான்!" என்று கத்திவிட்டுப் போனான். அன்றைக்கு முழுக்க அந்தப் பெயர் என்னைத் துரத்தியது. மொராக்கோவில் இந்திப் படங்களுக்கு இருக்கிற மவுசைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சின்னவர்கள் ஷாருக் கான் என்றால் பெரியவர்கள் அமிதாப் பச்சன் என்பார்கள்.

ஸஃபாரீன் சதுக்கத்தில் கன்னார்கள் உட்கார்ந்து செம்பு அண்டா தட்டிக்கொண்டிருப்பார்கள். கராவியீன் என்கிற பழைய பெரிய பள்ளிவாசலின் நூலக வாசலும் அங்கேதான், எதிரே தட்டல் சத்தம். ஒரு பெரியவர் என்னைப் பார்த்ததும் சுத்தியலை வைத்துவிட்டு முழுசாக ஒரு இந்திப் பாட்டைப் பாடினார். ராகம் பிசகவில்லை. பாடி முடித்துவிட்டு, அடுத்த வரியை நீ பாடு என்று கையை நீட்டினார். எனக்கு இந்தி தெரியாது. "இந்தியாவில் இருந்து வருகிறேன், ஆனால் என் பாஷை வேறு" என்று அரைகுறை பிரெஞ்சில் சொன்னேன். அவர் நம்பவில்லை. பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, இவன் இந்தியன் இல்லையாம் என்கிற மாதிரி ஏதோ சொல்ல, இரண்டு பேரும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். கடைசியில் நான் ஒரு தமிழ்ப் பாட்டை எடுத்துவிட்டேன். அது அவர்களுக்குத் திருப்தியாக இல்லை. ஆனாலும் டீ வந்தது. புதினா திணித்த கண்ணாடித் தம்ளர், சர்க்கரையைக் கேட்காமலே கொட்டியிருந்தார்கள்.

அந்தப் பெரியவர்தான் எனக்கு ஃபெஸ்ஸின் வழியைப் புரியவைத்தார். ஊர் ஒரு பள்ளத்தின் சரிவில் இருக்கிறது. அடியில் ஆறு. கையைச் சாய்த்துக் காட்டி, இறங்கிக்கொண்டே போனால் ரசீஃப் சதுக்கத்துப் பக்கம் சேருவாய், அங்கே டாக்ஸி கிடைக்கும்; ஏறிக்கொண்டே போனால் பூ ஜெலூத் என்றார். அவ்வளவுதான். ஒன்பதாயிரம் சந்து என்று பயமுறுத்துவார்கள், போன் வரைபடம் உயர்ந்த சுவர்களுக்கு நடுவில் கிறுக்குப் பிடித்துச் சுற்றும். சரிவு மட்டும் பொய் சொல்லாது. குடியிருப்புச் சந்துகள் பல முட்டுச்சந்துகள்தான். யாராவது ஒரு பாட்டி ஜன்னலில் இருந்து "அங்கே வழி இல்லை" என்று கை ஆட்டுவார். இந்தப் பாட்டி சொல்வதை நம்பலாம். அவருக்குக் கடை கிடையாது.

"பாலக்!", அதாவது வழிவிடு, என்று பின்னால் குரல் கேட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள், முதலில் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள். எரிவாயு சிலிண்டரோ, தண்ணீர் சொட்டும் பச்சைத் தோலோ சுமந்துகொண்டு கோவேறு கழுதை வரும். ஓட்டுகிறவரும் நிற்கமாட்டார், அதுவும் நிற்காது. அந்தப் பிராணிகளுக்காகவே 1927-லிருந்து மதிலுக்கு வெளியே அமெரிக்கன் ஃபோந்துக் என்று ஓர் இலவச மருத்துவமனை நடக்கிறது. மாலையில் அதன் பக்கமாகப் போனபோது, நாள் முழுக்கப் "பாலக்" கத்தின அதே ஆட்களில் ஒருவர் தன் கழுதையின் காதைத் தடவிக்கொண்டு வரிசையில் நின்றிருந்தார்.

* * *

முதலில் எழுதியவருக்கு வணக்கம். நான் மராகெஷ் பற்றி எழுதுகிறேன். ஒரு தோழியோடு போனேன், இரண்டு பெண்கள் மட்டும்.

முதலில் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். ஜமா அல் ஃப்னா சதுக்கத்தில் மருதாணிப் பெண்கள் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் சும்மா நடந்து போனாலே கையைப் பிடித்து இழுத்து, பேசிக்கொண்டே ஒரு கொடியை வரைந்துவிடுவார்கள். வரைந்த பிறகுதான் விலை. என் தோழியின் கையைப் பிடித்தபோது அவள் விரல்களை மடக்கி முஷ்டியாக்கிக்கொண்டாள். அதற்கு மேல் அந்த அம்மாவுக்கு வரைய இடமில்லை, சிரித்துவிட்டு விட்டுவிட்டார். விலையைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கன்னங்கரேலென்று பிடிக்கும் "கறுப்பு மருதாணி"யைத் தொடவே தொடாதீர்கள். மருதாணி தானாக அந்த நிறம் தராது என்று நமக்குத் தெரியும். அதில் தலைமுடிச் சாயத்துக்குப் போடும் ரசாயனம் கலந்திருக்கும். தோல் கொப்பளித்துத் தழும்பு விழுந்தவர்கள் உண்டு.

அந்தச் சதுக்கத்தின் வாய்மொழி மரபை யுனெஸ்கோ 2001-ல் கௌரவித்தது. கதைசொல்லிகளைச் சுற்றி வட்டமாகக் கூட்டம் நிற்குமே, அதற்காக. இப்போது பாம்பும் குரங்கும் ஆரஞ்சுச் சாறும்தான் கண்ணில் படுகின்றன. கதைசொல்லிகள் குறைந்துபோனார்கள். நாங்கள் பார்த்த ஒரே வட்டத்தில் ஒருவர் அரபியில் சொல்லிக்கொண்டிருந்தார், சுற்றி நின்றவர்கள் முழுக்க உள்ளூர் ஆண்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். எங்களுக்கு ஒரு சொல் புரியவில்லை. ஆனால் அந்தச் சதுக்கத்தில் எங்களிடம் யாரும் எதையும் விற்காத ஒரே இடம் அதுதான்.

ஃபெஸ்ஸில் கழுதை என்றால் மராகெஷில் ஸ்கூட்டர். கடைத்தெரு சந்துக்குள்ளேயே புகையோடு பாய்ந்து வருவார்கள். எனக்குக் கழுதையே தேவலை.

இப்போது நல்ல கதை. தங்கியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில் அந்தத் தெருக்காரர்களுக்கான ஹம்மாம், அதாவது பொதுக் குளியலறை, இருந்தது. சுற்றுலாப் பயணிகளுக்கான வாசனைத் தைல இடம் இல்லை, வாளியும் தரையும்தான். பழைய பேட்டை ஒவ்வொன்றிலும் பள்ளிவாசல், குழந்தைகள் ஓதுகிற பள்ளி, தண்ணீர்க் குழாய், ரொட்டி அடுப்பு, ஹம்மாம் ஐந்தும் இருக்கும் என்று வீட்டுக்காரம்மா சொல்லியிருந்தார். பெண்களுக்குத் தனி நேரம். உள்ளே மூன்று அறைகள், ஒன்றைவிட ஒன்று சூடு. ஆலிவ் எண்ணெயில் செய்த கறுப்பு சோப்பு, களிம்பு மாதிரி இருக்கும். அதைப் பூசி ஊறவிட்டு, கெஸ்ஸா என்கிற சொரசொரப்பான கையுறையால் தேய்ப்பார்கள்.

நான் ஓரமாக உட்கார்ந்து என் பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மா, முன்பின் தெரியாதவர், தன் கையுறையை என் கையில் கொடுத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டார். தேய்த்தேன். மெதுவாகத் தேய்த்தேன் போலிருக்கிறது, "த்ச்சு" என்று சலித்துக்கொண்டு இன்னும் அழுத்து என்று சைகை காட்டினார். முடிந்ததும் என்னைத் தோளைப் பிடித்துத் திருப்பி உட்காரவைத்து என் முதுகைத் தேய்த்தார் பாருங்கள், பாத்திரம் விளக்குகிற மாதிரி. உருண்டு வந்த அழுக்கை எடுத்து என் கண்முன் காட்டி, சுற்றியிருந்த பெண்களுக்கும் காட்டினார். எல்லாரும் சிரிப்பு. பிறகு என் தலையில் ஒரு வாளி வெந்நீர். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

வெளியே வந்தபோது ஹம்மாமின் பின்பக்கம் உலைக்காரர் வேலையாக இருந்தார். மரத்தூள், மரச்சீவல் போட்டு எரிக்கிறார்கள். சாம்பலுக்குள் நாலைந்து மண் ஜாடிகள் புதைந்திருந்தன. தன்ஜியா என்கிற மராகெஷ் சமையல். இறைச்சியும் மசாலாவும் ஜாடியில் போட்டு வாயைக் காகிதத்தால் கட்டி உலைக்காரரிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். பல மணி நேரம் சாம்பல் சூட்டிலேயே வேகும். அதை ஆண்கள்தான் சமைப்பார்களாம். ஜாடியைக் கொடுத்துவிட்டுப் போவதைச் சமையல் என்று சொல்லலாமா என்று என் தோழி கேட்டாள்.

* * *

அஸ்ஸலாமு அலைக்கும் நண்பர்களே.

ஃபெஸ் பற்றி எழுதியவர் கராவியீன் நூலக வாசலோடு நின்றுவிட்டார். உள்ளே நடந்ததை நான் சொல்கிறேன். மொராக்கோவில் பள்ளிவாசல்களுக்குள் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அநேகமாக அனுமதி இல்லை. காஸாபிளாங்காவின் இரண்டாம் ஹசன் பள்ளிவாசல் பெரிய விதிவிலக்கு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அதன் தலைவர் லியோத்தே போட்ட ஏற்பாடு இன்னும் தொடர்கிறது. அதனால் கராவியீன் வாசல்களில் பயணிகள் எட்டி எட்டிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு நிற்பார்கள்.

நான் அஸர் என்கிற மாலைத் தொழுகைக்குப் போனேன். வாசல்காரர் என்னைக் கையால் தடுத்தார். கழுத்தில் கேமரா, முதுகில் பை. "முஸ்லிம்" என்றேன். எங்கிருந்து என்றார். ஹிந்த் என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, கலிமா, அதாவது இஸ்லாமிய உறுதிமொழி, சொல் என்றார். சொன்னேன். குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா ஓதச் சொன்னார். நடுத்தெருவில் நின்று ஓதினேன். முடிந்ததும் அவர் முகம் மலர்ந்த விதம் இருக்கிறதே! அவரே என் பையை வாங்கித் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் இடத்தைக் காட்டினார். சிலருக்கு இந்தச் சோதனை கோபம் வரவழைக்கிறது. எனக்கு வரவில்லை, நாள் முழுக்க அந்த வாசலில் எத்தனை பேருக்குப் பதில் சொல்கிறாரோ.

859-ல் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி என்கிற பெண்மணி தன் சொத்தைக் கொண்டு தொடங்கியதாகச் சொல்லப்படும் பள்ளிவாசல் அது. உள்ளே வெள்ளை வளைவுகள், வரிசை வரிசையாக, அலங்காரம் இல்லாமல். தரையில் பாய். முற்றத்தின் இரு முனைகளிலும் கிரனாடாவின் அல்ஹம்ராவை நினைவுபடுத்தும் மண்டபங்கள். மேலே தொங்கும் விளக்குகளில் ஒன்று முன்பு தேவாலய மணியாக இருந்தது. 1333-ல் மரீனிய வம்சத்துப் படை ஜிப்ரால்டரைப் பிடித்தபோது கொண்டுவந்த மணியை விளக்காக மாற்றித் தொங்கவிட்டார்கள். நான் தலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து ஒரு மாணவன் வந்து சொன்னான்.

தொழுகையில் ஒரு சின்னத் திகைப்பு. அங்கே மாலிகி மத்ஹப், அதாவது மார்க்கச் சட்ட மரபு. பக்கத்தில் இருந்த பெரியவர்கள் பலர் கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டு நின்றார்கள். நான் ஷாஃபிஈ மரபு, கட்டிக்கொண்டு நின்றேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சூரியன் மறைந்ததும் வரும் மக்ரிப் தொழுகைக்கும் அங்கேயே இருந்தேன். இமாம் குர்ஆன் ஓதியது வர்ஷ் முறை, நமக்குப் பழகிய ஹஃப்ஸ் முறையிலிருந்து நீட்டலும் குறுக்கலும் அங்கங்கே வேறுபடும். மனப்பாடமாகத் தெரிந்த சூரா ஒன்று புதுசாகக் கேட்டது.

பக்கத்தில் இத்ரீஸ் வம்சத்து மன்னர் இரண்டாம் மௌலாய் இத்ரீஸ் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் ஸாவியா என்கிற தர்கா இருக்கிறது. அதற்குப் போகும் சந்துகளின் குறுக்கே நெஞ்சு உயரத்தில் ஒரு மரக்கட்டை. கழுதைகளும், அந்தக் காலத்தில் முஸ்லிம் அல்லாதவர்களும், அந்தக் கட்டையோடு நிற்க வேண்டும். இன்றைக்கு எல்லாரும் குனிந்து போகிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைப் பிடித்து ஊஞ்சலாடுகிறார்கள்.

மற்ற மதத்து நண்பர்கள் வருத்தப்பட வேண்டாம். கராவியீன் மாணவர்கள் தங்கிப் படித்த மதரஸாக்கள் டிக்கெட் எடுத்தால் எல்லாருக்கும் திறந்திருக்கின்றன. 1325-ல் முடிந்த அத்தாரீன், 1350-களில் எழுந்த பூ இனானியா. கைவேலை நுணுக்கம் என்று பார்த்தால் அவை பள்ளிவாசலை மிஞ்சும்.

* * *

வயசான அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்காகச் சுருக்கமாக நாலு விஷயம்.

ஊருக்குள் ஓடும் சின்ன டாக்ஸியில் மூன்று பேருக்கு மேல் ஏற்றமாட்டார்கள், கெஞ்சியும் பலனில்லை. நாங்கள் நான்கு பேர், எப்போதும் இரண்டு வண்டி. ஃபெஸ்ஸில் சிவப்பு, ரபாத்தில் நீலம் என்று ஊருக்கு ஒரு நிறம். மீட்டர் போடச் சொல்லிவிட்டு ஏறுங்கள். இரவில் மீட்டருக்கு மேல் பாதி கூடுதல். அது ஏமாற்று இல்லை, விதி.

மதீனாவுக்குள் தங்கினால் டாக்ஸி வாசலோடு நின்றுவிடும். பெட்டிகளைத் தள்ளுவண்டிக்காரர் கொண்டுவருவார். எங்கள் தள்ளுவண்டிக்காரர் பெட்டிகளைத் தூக்கிச் சரித்துவைத்து அவற்றுக்கு மேல் மடித்த போர்வையைப் போட்டு, என் அம்மாவை உட்காரச் சொன்னார். அம்மா முதலில் மாட்டேன் என்றார். பிறகு, ரொட்டிக்கடைக்காரர்கள் எழுந்து வழிவிட, மகாராணி மாதிரி போனார். "பாலக், பாலக்" என்று அம்மாவே கத்த ஆரம்பித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் கடைத்தெருவில் பெரும்பாலும் கதவு சாத்தியிருக்கும். அப்பாவுக்கு அந்த அமைதிதான் பிடித்தது. சைவம் சாப்பிடுகிறவர்கள் பிசாரா கேளுங்கள். காய்ந்த அவரைப் பருப்பைக் குழைய வேகவைத்து ஆலிவ் எண்ணெய், சீரகப்பொடி தூவித் தருவார்கள். காய்கறி கூஸ்கூஸ் என்று எழுதியிருந்தாலும் சாறு இறைச்சிச் சாறாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

* * *

மெக்னெஸ் பற்றி யாருமே எழுதவில்லை. எனக்கு ஆச்சரியமில்லை. ஃபெஸ்ஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது, ஆனாலும் எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கடந்துபோகிறார்கள்.

மௌலாய் இஸ்மாயில் 1672-லிருந்து 1727 வரை மொராக்கோவை ஆண்ட சுல்தான். மெக்னெஸைத் தலைநகராக்கி, சாகும்வரை கட்டிக்கொண்டே இருந்தார். கட்டுவதற்குப் பொருள் எங்கிருந்து? மராகெஷில் முந்தைய சுல்தான் அஹ்மத் அல் மன்சூர் இத்தாலியப் பளிங்கு தருவித்துக் கட்டிய அல் பதீ அரண்மனையை உரித்தெடுத்தார். இன்று அங்கே மொட்டைச் சுவரும் அதன்மேல் நாரைக் கூடும்தான். ரோமானியர் காலத்து வொலுபிலிஸ் இடிபாடுகளிலிருந்து தூண்களைக் கொண்டுவந்தார். ஆகவே மராகெஷில் ஒன்றைப் பார்த்து "ஐயோ, போச்சே" என்பவர்கள் மெக்னெஸ் போய் மிச்சத்தைப் பார்ப்பதுதான் முறை. பாப் மன்சூர் என்கிற பெரிய வாசலை அவர் மகன் 1732-ல் முடித்தார்.

எல் ஹெதீம் சதுக்கத்தில் ஒரு குதிரைவண்டிக்காரரைப் பிடித்தேன். பிடித்தேன் என்ன, அவர்தான் என்னைப் பிடித்தார். பேரத்துக்கு அரை மணி, அதன்பின் நல்ல சிநேகிதம். மௌலாய் இஸ்மாயில் அவருக்குச் சொந்தப் பெரியப்பா என்று நினைத்துவிடுவீர்கள், அப்படிப் பேசினார். ஹெரி எஸ் ஸுவானி என்ற தானியக் கிடங்குக்குக் கூட்டிப்போனார். உள்ளே நுழைந்ததும் சில்லென்று இருந்தது. சுவர் அவ்வளவு கனம். பக்கத்தில் கூரை போய்த் தூண்கள் மட்டும் வரிசையாக நிற்கும் பெரிய இடம், குதிரை லாயமாம். "பன்னிரண்டாயிரம் குதிரை!" என்றார். பிறகு, "ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள்!" என்றார். அவர் குதிரை அதைக் கேட்டுக்கொண்டு நின்றது.

அடுத்து காரா பாதாளச் சிறை. தரைக்கடியில் வளைவு வளைவாகப் போகிறது. போர்ச்சுகீசியக் கைதி ஒருவன் தன் விடுதலைக்கு விலையாக இதைக் கட்டிக்கொடுத்தான், ஆயிரக்கணக்கான கிறிஸ்தவ அடிமைகள் இங்கே கிடந்தார்கள், சுரங்கம் பக்கத்து ஊர்வரை போகிறது, உள்ளே போன வெள்ளைக்காரர்கள் திரும்பவில்லை என்று அடுக்கினார். கைதிகளைக் கொண்டு வேலை வாங்கியது உண்மை. ஆனால் அவர்கள் தங்கவைக்கப்பட்டது வேறு இடத்தில், இது பண்டகசாலையாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அதைச் சொன்னேன். அவர் குதிரையை நிறுத்திவிட்டு, "படித்தவர்கள் இருட்டில் அங்கே ஒரு ராத்திரி இருந்து பார்க்கட்டும்" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது.

மௌலாய் இஸ்மாயிலின் சமாதி மட்டும் எல்லா மதத்தாருக்கும் திறந்திருக்கிறது. அங்கே உயரமான ஐரோப்பியக் கடிகாரங்கள் நிற்கின்றன. பிரான்சின் பதினான்காம் லூயி மகளைப் பெண் கேட்டார், லூயி மறுத்தார், சமாதானத்துக்குக் கடிகாரம் அனுப்பினார் என்று வண்டிக்காரர் சொன்னார். பெண் கேட்டது வரலாற்றில் இருக்கிறது. கடிகாரத்தின் கதைக்கு நான் ஜாமீன் இல்லை. "பெண்ணுக்குப் பதில் கடிகாரம், இரண்டுமே மணி தவறாமல் சத்தம் போடும்" என்று அவர் சொன்னதற்கும் நான் பொறுப்பில்லை, மேலே எழுதிய சகோதரி மன்னிக்கவும்.

ரபாத்துக்கும் போனேன். 44 மீட்டரில் நின்றுபோன ஹசன் கோபுரம், ஆற்றைப் பார்த்த உதாயா கோட்டை, வெள்ளையும் நீலமுமாகச் சந்துகள், எல்லாம் அழகு. யாரும் என்னை வழிமறிக்கவில்லை, யாரும் கதை சொல்லவில்லை. இந்த இழையில் எழுத என்னிடம் ரபாத் கதை இல்லை.

* * *

நான் மராகெஷ் போனது நிலநடுக்கத்துக்குப் பிறகு. 2023 செப்டம்பர் 8 இரவு, 6.8 அளவு. மையம் அட்லஸ் மலைப்பகுதியில். இறந்தவர்கள் 2,900 பேருக்கு மேல், பெரும்பாலும் மலைக் கிராமத்தவர்கள். நகருக்குள் ஜமா அல் ஃப்னா ஓரத்துச் சிறு பள்ளிவாசல் ஒன்றின் மினாரா விழுந்தது, மதில் சில இடங்களில் சரிந்தது, யூதர்கள் வாழ்ந்த மெல்லா பகுதியில் பழைய வீடுகள் பல சேதமாயின.

மதிலோரம் நடந்தபோது வேலை நடந்துகொண்டிருந்தது. 1120-களில் அலி பின் யூசுஃப் எழுப்பிய மதில், சுற்றளவு ஏறக்குறைய 19 கிலோமீட்டர். கல் இல்லை, மண். இரண்டு பக்கமும் பலகை அடைத்து, நடுவில் சுண்ணாம்பு கலந்த ஈரமண்ணைக் கொட்டி, கட்டையால் இடித்து இறுக்கி, காய்ந்ததும் பலகையை மேலே ஏற்றுகிறார்கள். மேலே நின்று இடித்தவர்கள் ஒரு தாளத்தோடு இடித்தார்கள். மதில் முழுக்க வரிசையாக ஓட்டைகள் இருக்குமே, படத்தில் பார்த்திருப்பீர்கள். பீரங்கிக்குண்டு பட்ட இடம் என்று ஒரு பயணி தன் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கீழே மண் குழைத்துக்கொண்டிருந்த கொத்தனார் தலையை ஆட்டிவிட்டு, பலகையைத் தாங்க அவர்கள் செருகியிருந்த குறுக்குக் கட்டையை உருவிக் காட்டினார். கட்டை வந்த இடத்தில் ஓட்டை. அவ்வளவுதான். பழைய ஓட்டைகளை அடைக்க மாட்டீர்களா என்று கேட்டேன். புறா எங்கே போகும் என்று கேட்டார்.

அவர் ஊர் மலையில் என்றார். வீடு எப்படி இருக்கிறது என்று கேட்க வாய் வரவில்லை. அவரே சொன்னார், கூடாரத்தில் குடும்பம், இங்கே கூலி. படம் எடுத்துக்கொள்ளலாமா என்றதற்கு மதிலை எடு, என்னை வேண்டாம் என்றார்.

மலைப்பக்கம் போக நினைப்பவர்கள் தயங்காமல் போங்கள். அங்கே இருப்பவர்களுக்கு வருமானம் தேவை.

* * *

இழையைத் தொடங்கினவன் மறுபடியும். எழுதிய எல்லாருக்கும் நன்றி. கலிமா கேட்ட வாசல்காரரையும் முதுகு தேய்த்த அம்மாவையும் வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன்.

கைடு வைத்துக்கொள்ள வேண்டுமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். ஃபெஸ்ஸில் முதல் நாள் காலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற ஊர்களில் அவசியமில்லை என்பது என் எண்ணம். அரசு அங்கீகாரம் பெற்றவர்கள் கழுத்தில் அடையாள அட்டை போட்டிருப்பார்கள். கூலியை முதலிலேயே பேசிவிட்டு, கம்பளக் கடைக்கும் தோல் கடைக்கும் கூட்டிப்போக வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். கடைக்காரர்கள் அவர்களுக்குக் கமிஷன் கொடுப்பார்கள், அது உங்கள் விலையில்தான் ஏறும். தோல் பதனிடும் ஷுவாரா தொட்டிகளை மட்டும் எப்படியும் ஒரு கடை மாடியிலிருந்துதான் பார்க்க முடியும். மூக்குக்கு ஒரு கொத்துப் புதினா தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள், தேவைப்படும். தோலை மென்மையாக்கப் புறா எச்சம் போட்டு ஊறவைக்கிறார்கள். இறங்கும்போது மாடிப்படி கடைக்குள் நிறுத்தி நிறுத்தித்தான் கீழே விடும். ஒன்றும் வாங்கப் பிடிக்கவில்லை என்றால் காட்டியவர் கையில் பத்து இருபது திர்ஹாம் வைத்துவிட்டு வந்துவிடலாம், முறைக்கமாட்டார்கள்.

ரமலான் மாதத்தில் போனவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். பகலில் சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள், நோன்பு திறக்கிற நேரத்தில் தெருவில் என்ன பார்த்தீர்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த முறை அந்த மாதத்தில்தான் விடுப்பு கிடைக்கும் போலிருக்கிறது.